பகல் 1.10

காலை 9.40 மணிக்கு வேதமாணிக்கம் எண்ணிப் பார்த்தார். இருபத்துநான்கு படங்களும் சுவரில் இருந்தன. இருபத்துநான்கு தலைப்புகளும் மாறியிருந்தன.

அது 2022 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை. இடம் தூத்துக்குடியில் ஒரு திருமண மண்டபத்தின் குளிரூட்டப்பட்ட சிறிய கூடம். வாசலில் 'பாலைவன வானம்: ஓவியக் கண்காட்சி' என்று பதாகை கட்டியிருந்தார்கள். திறப்பு விழா பதினொரு மணிக்கு.

வேதமாணிக்கம் எழுதிக் கொடுத்திருந்த அட்டைகளில் நாள், மணி, காற்று, தூசி, இவ்வளவுதான் இருந்தன. "2014 மார்ச் 3, காலை 6.20, காற்று 9, தூசி இல்லை" என்பது முதல் படத்துக்கு அவர் வைத்த தலைப்பு. அந்த இடத்தில் இப்போது தங்க நிற ஓரம் போட்ட அட்டை இருந்தது. 'அரேபிய அந்தி' என்று அச்சிட்டிருந்தது. படத்தில் இருந்தது காலை வானம்.

இரண்டாவது 'பொன் மௌனம்'. ஐந்தாவது 'ஒட்டகத்தின் கனவு'. ஐந்தாவது படத்தில் ஒட்டகம் இல்லை. எந்தப் படத்திலும் ஒட்டகம் இல்லை. மண்ணும் இல்லை, மனிதரும் இல்லை. இருபத்துநான்கிலும் வானம் மட்டும்தான்.

பதினேழாவது படத்தின் முன் அவர் நின்றுவிட்டார். மற்றப் படங்களில் நீலமோ மஞ்சளோ கொஞ்சமாவது உண்டு. இதில் வெள்ளை மட்டும். சுண்ணாம்புக் காளவாய்க்குள் எட்டிப் பார்த்தால் தெரியும் வெள்ளை. பார்க்கிறவர் கண்ணைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு அவர் எழுதிக் கொடுத்திருந்தது இது:

"2017 ஜூலை 9, பகல் 1.10, காற்று 4, தூசி உண்டு. லிங்கதுரை விழுந்தார்."

இப்போது அங்கே 'பரம சாந்தி' என்று இருந்தது.

*

வேதமாணிக்கத்துக்கு வயது ஐம்பத்தொன்பது. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். வளைகுடா நாடு ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் டவர் கிரேன் ஓட்டினார். அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்க முடியும். மணிக்கு ஒரு தடவை காற்றின் வேகத்தையும் தூசியையும் பார்த்து, தினத்தாள் என்கிற அன்றாடப் பதிவுத் தாளில் எழுத வேண்டும். தாளின் ஒரு நகல் ஓட்டுநருக்கு. அந்த நகலின் பின்பக்கத்தில் அந்த நேரத்து வானத்தைப் பேனாவால் கீறி, ஓரத்தில் மணியையும் காற்றையும் குறித்து வைப்பது அவர் வழக்கம். யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. பொழுது போக வேண்டியிருந்தது.

ஊருக்குத் திரும்பியபோது அவரிடம் ஒரு சூட்கேஸ் நிறைய அப்படிப்பட்ட தாள்கள் இருந்தன.

பல்கீஸ் டீச்சர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. வயது நாற்பத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் வைத்துப் படம் சொல்லிக் கொடுப்பார். தன்னைவிடப் பதினாறு வயது மூத்த மாணவரான வேதமாணிக்கத்தை அவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டார். மாணவர், டீச்சர் அறைக்குள் வந்தால் எழுந்து நின்றார். நான்கு ஆண்டுகளில் இரண்டு பேரும் இதை மாற்றிக்கொள்ளவில்லை.

டீச்சரின் முறை இது. தூரிகையைத் தொடுவதற்கு முன் தாளின் பின்பக்கத்தில் உள்ள எண்களைச் சத்தமாக வாசிக்க வேண்டும். காற்று ஒன்பது என்றால் ஒன்பதுக்கு என்ன வானமோ அதை வரைய வேண்டும். ஒருமுறை வேதமாணிக்கம் படத்தின் மூலையில் ஒரு பறவையைச் சேர்த்தார். அன்றைக்குப் பறவை வந்ததா என்று டீச்சர் கேட்டார். வந்திருக்கும் என்றார் இவர். டீச்சர் வண்ணம் சுரண்டும் கத்தியை எடுத்து நீட்டினார்.

பதினேழாவது படத்துக்கு மட்டும் வேதமாணிக்கம் தாளைக் கொண்டு வரவில்லை. நினைவிலிருந்து வரைகிறேன் என்றார். டீச்சர் விட்டுவிட்டார்.

*

லிங்கதுரை உடன்குடிக்காரர். கிரேனுக்குக் கீழே நின்று சுமையில் கொக்கி மாட்டுகிற வேலை. அப்போது வயது முப்பத்தாறு.

கோடையில் பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். கட்டடம் பின்தங்கிக் கிடந்ததால் அந்த வாரம் சட்டம் தகர வேலிக்கு வெளியே நின்றது. ஜூலை 9 அன்று பகல் 1.10க்கு லிங்கதுரை ஒரு கம்பிக்கட்டில் கொக்கியை மாட்டிவிட்டுத் தூக்கச் சொல்லிக் கை காட்டினார். சுமை நான்கு மீட்டர் எழும்பியது. அவர் விழுந்தார்.

கொக்கியில் சுமை தொங்கும்போது கிரேன்காரர் கூண்டை விட்டு இறங்கக் கூடாது. கீழே ஆள் நின்று வழி சொல்லாமல் சுமையை இறக்கவும் கூடாது. தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது இது. வழி சொல்ல வேண்டிய ஆள் கீழே கிடந்தார். வேறொருவர் வந்து கொக்கியைக் கழற்ற நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் வேதமாணிக்கத்தால் கீழே பார்க்க முடியவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வானம்தான் பதினேழாவது படம்.

லிங்கதுரையை ஒரு பிக்கப் வண்டியில் தொழிலாளர் முகாமுக்குக் கொண்டுபோய், அறையில் படுக்க வைத்து, ஏசியைப் போட்டார்கள். இறப்புத் தாளில் மாலை 6.40 என்றும், தங்கும் அறையில் என்றும், இயற்கை மரணம் என்றும் எழுதினார்கள்.

அவருடைய மனைவி சுயம்புக்கனி பீடி சுற்றுகிறவர். ஐந்து ஆண்டுகளாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் புருஷன் பட்டப்பகலில் வெயிலில் விழுந்தான் என்பது எங்காவது எழுத்தில் இருக்க வேண்டும். கூலிக்குப் போன இடத்தில் ஏசி அறையில் தூங்கிச் செத்தவன் என்று பிள்ளைகளிடம் சொல்ல அவரால் முடியவில்லை. கட்டட நிறுவனத்துக்கும் தூதரகத்துக்கும் மனு மேல் மனு போட்டார். எங்களிடம் உள்ள தாளில் அப்படி இல்லை என்று பதில் வந்தது.

வேதமாணிக்கம் ஊருக்கு வந்த புதிதில் உடன்குடிக்குப் போய் அந்த நேரத்தை வாயால் சொன்னார். எழுதித் தர முடியுமா என்று சுயம்புக்கனி கேட்டார். ஒற்றை ஆள் எழுதி என்னம்மா ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

கண்காட்சி முடிவானதும் அவரே போன் செய்தார். சுவரிலேயே எழுதியிருக்கும், ஊரே வாசிக்கும், நீ வந்து பார் என்றார். அன்று காலை சுயம்புக்கனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

*

கண்காட்சியை நடத்தியவர் மங்களராஜ். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் வைத்திருந்தார். அதற்கு இருபத்தைந்தாவது ஆண்டு. வேதமாணிக்கத்தையும் லிங்கதுரையையும் அந்தக் கட்டட நிறுவனத்துக்கு அனுப்பியவர் அவர்தான். போனவன் ஓவியனாகத் திரும்பினான் என்று வெள்ளி விழா மலரில் ஒரு பக்கம் போட்டிருந்தார்.

வேதமாணிக்கம் போய்க் கேட்டபோது மங்களராஜ் கோபப்படவில்லை. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருவார்கள், பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்ப விசாரிக்க வருகிறவர்கள் என்று விளக்கினார்.

"நடக்கிறது வெள்ளி விழா அண்ணாச்சி. நீங்க சுவத்துல இரங்கல் செய்தி ஒட்டச் சொல்லுதிய."

தலைப்புகளை எழுதியவர் பக்கத்திலேயே நின்றார். முகில்வண்ணன் என்ற கவிஞர். கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்ததாகச் சொன்னார். மணியும் காற்றும் போட்டால் அது வானிலை அறிக்கை, படத்துக்குத் தலைப்பு ஆகாது என்றார். பஸ் ஸ்டாண்டில் கால அட்டவணை மாட்டியிருக்கிறார்களே, அதற்கு யாராவது பொன்னாடை போர்த்துவார்களா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

ஒரு ஆளின் பெயரை அழிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று வேதமாணிக்கம் கேட்டார். குரல் உயர்ந்தது. பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாப் படத்தையும் கழற்றிக்கொண்டு போகிறேன் என்றார்.

மங்களராஜ் அப்போதும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"கழத்துங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்த வானத்தை உங்களுக்குக் காட்டினதே நாந்தானே அண்ணாச்சி."

வேதமாணிக்கம் முதல் படத்தைப் பிடித்துத் தூக்கினார். படத்தின் சட்டம் ஆணியில் சிக்கிக்கொண்டது. பல்கீஸ் டீச்சர் உள்ளே வந்தது அப்போதுதான். மணி 10.15.

அந்தக் கோபத்திலும் வேதமாணிக்கம் படத்தை விட்டுவிட்டு நேராக நின்றார். நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லும்போதே மூச்சு வாங்கியது. பிறகு கேட்டார்:

"செத்தவன் நேரத்தை அழிச்சிட்டு, அதுக்கு மேல ஒரு பேரையும் எழுதி வைக்கிறவனை என்ன செய்யணும் டீச்சர்?"

டீச்சர் சுவரைப் பார்த்தார். முதல் அட்டையை வாசித்தார். ஐந்தாவது வரை வாசித்துக்கொண்டே போனார்.

"பேனா இருக்கா?" என்றார்.

*

டீச்சர் மங்களராஜிடம் பேசவில்லை. கவிஞரிடம் போனார். வரைந்தவர் ஒருவர், தலைப்பு வைத்தவர் வேறொருவர் என்றால் இரண்டு பேர் பெயரும் இருப்பதுதானே முறை என்று கேட்டார். ஒவ்வொரு அட்டையிலும் தலைப்புக்குக் கீழே இடம் இருக்கிறது, அங்கே கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார்.

கவிஞர் மலர்ந்துவிட்டார். தனக்கும் அது தோன்றியது, தானாகக் கேட்பது நாகரிகமில்லை என்று இருந்துவிட்டதாகச் சொன்னார். மங்களராஜுக்கும் மறுப்பு இல்லை. இதெல்லாம் முன்கூட்டியே நாமே யோசித்திருக்க வேண்டும் என்று கூட இருந்தவர்களிடம் சொன்னார்.

'அரேபிய அந்தி'க்குக் கீழே 'தலைப்பு: முனைவர் முகில்வண்ணன்' என்று எழுதிக் கவிஞர் கையெழுத்திட்டார். இரண்டாவதில் தேதியும் சேர்த்தார். ஐந்தாவதில் கையெழுத்தின் வால் அட்டையின் ஓரம் வரை போனது. ஒட்டகத்தின் கனவு என்றால் என்ன என்று பூ கட்டுகிற பெண் ஒருத்தி கேட்டாள். அதற்கு நின்று பதில் சொன்னார்.

வேதமாணிக்கம் பின்னாலேயே போனார். டீச்சர் அட்டையைப் பிடித்துக்கொள்ள, கவிஞர் எழுத, பக்கத்தில் நிற்பதே அவருக்கு எரிந்தது. திருடியவனுக்கு ரசீதும் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. பத்தாவது படத்தின் முன்னால் பொறுக்க முடியாமல் மெதுவாகக் கேட்டார்.

"நீங்களும் அவங்க பக்கமா டீச்சர்?"

"அட்டையைக் கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி. எனக்குக் கை வலிக்குது."

பிடித்தார். பதினொன்றிலிருந்து பதினாறு வரை அவரே பிடித்தார்.

பதினேழாவது படத்தின் முன் கவிஞர் பேனாவை மூடினார்.

"இது என்னது இல்ல" என்றார்.

டீச்சர் காத்திருந்தார். கவிஞர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். ஓர் ஆளின் பெயர் எழுதிய அட்டையைத் தொட அவருக்கு மனது வரவில்லை. அதை மட்டும் அப்படியே வைத்திருந்தார். அச்சுக்குப் போன பிறகுதான் 'பரம சாந்தி' வந்தது. அதை வைத்தவர் மங்களராஜ்.

டீச்சர் பேனாவை மங்களராஜிடம் நீட்டினார்.

மங்களராஜ் வாங்கவில்லை. அது விழாக் குழுவின் முடிவு என்றார். குழுவில் யார் யார் என்று டீச்சர் கேட்டார். நான்கு பேர் என்றும், இரண்டு பேர் சென்னையில் இருக்கிறார்கள் என்றும், ஒருவர் உம்ராவுக்காக மக்கா போயிருக்கிறார் என்றும் பதில் வந்தது. நான்காவது ஆள் யார் என்று டீச்சர் கேட்கவில்லை. பேனாவை நீட்டியபடியே நின்றார்.

"ஒரு அட்டைக்கு எதுக்கு டீச்சர் கையெழுத்து?"

"மத்ததுக்குப் போட்டாரே."

"அது கவிதை. இதுல போட்டா நாளைக்கு எவனாவது வந்து கேப்பான்."

"என்ன கேப்பான்?"

முதல் தடவையாக மங்களராஜின் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. அட்டையைச் சுவரிலிருந்து உரித்தார். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விருந்தினர் வரும் நேரம், இந்தப் படத்துக்குத் தலைப்பே வேண்டாம், மற்றதைப் பாருங்கள் என்றார்.

*

சுயம்புக்கனி எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, குளிர்ந்த தரையில் கூசிக் கூசி நடந்து வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. மனுக்களின் நகல்கள் எங்கே போனாலும் அதில் இருக்கும்.

எந்தப் படம் என்று வேதமாணிக்கத்திடம் கேட்டார். அவர் காட்டினார்.

சுயம்புக்கனி அந்த வெள்ளையைப் பார்த்தார். மேலேயும் கீழேயும் தேடினார்.

"இதுல அவுக எங்கண்ணே?"

"கீழ" என்றார் வேதமாணிக்கம். "அவன் கீழ இருந்தான்மா. நான் மேல பார்த்துக்கிட்டு இருந்தேன்."

சுயம்புக்கனி தலையசைத்தார். பிறகு படத்துக்கு அடியில் பார்த்தார். பசை ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது.

"எழுதியிருக்கும்னு சொன்னிய."

வேதமாணிக்கம் மங்களராஜைக் காட்டினார். அந்த ஆளைக் கேள், அவர் பையில் இருக்கிறது உன் புருஷனுக்கு வைத்த பேர் என்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். முதலில் ஒருவனை வெயிலில் போட்டார்கள், பிறகு அறையில் போட்டார்கள், இப்போது சாந்தியில் போட்டிருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

டீச்சர் தன் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்தார்.

"எழுதுங்க அண்ணாச்சி."

வேதமாணிக்கம் எழுதினார். கோபத்தில் எழுத்து பெரிதாக வந்தது. நாள், மணி, காற்று, தூசி. லிங்கதுரை விழுந்தார். எழுதி முடித்து நீட்டினார்.

டீச்சர் வாசித்தார். சுயம்புக்கனியிடமும் காட்டினார். அவர் விரலை வைத்து வாசித்தார். 1.10 வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

"இதுக்குக் கீழ, பார்த்தவர்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார் டீச்சர். "மத்ததுல எல்லாம் இருக்கு."

வேதமாணிக்கம் அட்டையை வாங்கினார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

படத்தின் மூலையிலேயே தன் கையெழுத்து இருக்கிறது, அது போதாதா என்றார். போதாது, வரைந்தவர் வேறு, பார்த்தவர் வேறு என்றார் டீச்சர். இந்தச் சின்ன அட்டையில் இடம் இல்லை என்றார் வேதமாணிக்கம். இடம் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது.

மங்களராஜ் பின்னாலிருந்து சொன்னார்:

"போடுங்க அண்ணாச்சி. என்ன, எவனாவது வந்து கேப்பானோ?"

யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் அட்டையைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை வாசித்தார்.

"காற்று நாலுன்னு எழுதியிருக்கீங்க. இந்தப் படம் நினைவுல இருந்து வரைஞ்சதுன்னு எங்கிட்ட சொன்னீங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னால அடிச்ச காற்றோட எண்ணு நினைவுல நிக்குமா?"

வேதமாணிக்கத்தின் கை தோள்பையைப் பிடித்துக்கொண்டது.

"தாளை எடுங்க அண்ணாச்சி."

தாள் அவருடைய தோள்பையில் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் நான்காக மடித்து வைத்திருந்தார். அன்றைக்கு ஏன் அதைக் கொண்டு வந்தார் என்று பிறகு கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கீறல் இருந்த பக்கம் மேலே தெரியும்படி டீச்சரிடம் கொடுத்தார். ஏறத்தாழ வெறுந்தாள். பேனா பத்துப் பன்னிரண்டு இடத்தில் தொட்டுத் தொட்டு நின்றிருந்தது. ஓரத்தில் 1.10 என்றும் 4 என்றும் இருந்தது.

டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு திருப்பினார்.

முன்பக்கம் கட்டம் கட்டமாக அச்சிட்ட தினத்தாள். 2017 ஜூலை 9. பன்னிரண்டரை முதல் மூன்று வரையிலான கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. டீச்சர் அதைத் தமிழில் சொன்னார்: கிரேன் நிறுத்தம், களத்தில் ஆள் இல்லை. அடியில் எஸ். வேதமாணிக்கம் என்று கையெழுத்து.



வேதமாணிக்கம் சொன்னார். தாழ்ந்த குரலில் சொன்னதால் சுயம்புக்கனி பக்கத்தில் வர வேண்டியிருந்தது. எல்லாக் கிரேன்காரர்களும் காலை ஆறு மணிக்கு, ஏணியில் ஏறுவதற்கு முன்பே, அன்றைய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மதிய வேளைக் கட்டத்தை ஃபோர்மேன் முன்னாலேயே நிரப்பி வைத்திருப்பார். மாலையில் இறங்கிய பிறகு போடலாம் என்றால் அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும், முகாமுக்குப் போகிற பஸ் போய்விடும். பஸ்ஸுக்காகத்தான் எல்லோரும் காலையிலேயே போட்டார்கள். வேறு ஒரு நோக்கமும் இல்லை.

"மறுநாள்?" என்று கேட்டார் டீச்சர்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுத்த தாளில் போட்டேன் என்றார் வேதமாணிக்கம்.

சுயம்புக்கனி அந்தத் தாளை வாங்கவில்லை. டீச்சர் கையில் இருக்கும்போதே குனிந்து, இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"இது எத்தனை வருசமா உங்ககிட்ட இருக்கு அண்ணே?"

"அஞ்சு."

"எங்க தாள்ல அப்படி இல்லைன்னு எனக்குப் பதினோரு கடுதாசி வந்திருக்கு" என்றார் சுயம்புக்கனி. குரல் உயரவில்லை. "எந்தத் தாளு எந்தத் தாளுன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒருத்தனும் சொல்லல. என் வீட்டுல வந்து உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போனிய. நீங்களும் சொல்லல."

வேதமாணிக்கம் டீச்சரிடம் திரும்பினார். அந்தத் தளத்தில் கையெழுத்துப் போடாதவன் ஒருத்தன்கூட இல்லை என்றார். போடமாட்டேன் என்றால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்றார். கை மறுபடி மங்களராஜ் பக்கம் போனது. பழைய கோபத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டவர் மாதிரி குரல் வந்தது.

"ஆனா அழிச்சது இந்த ஆளுதானே டீச்சர்? செத்தவன் நேரத்தை எடுத்துட்டு வேற பேரு வச்சது இந்த ஆளுதானே?"

டீச்சர் தாளை மடித்து உறையில் போட்டு அவரிடம் கொடுத்தார்.

"இவர் வச்சது ரெண்டாவது தலைப்பு அண்ணாச்சி. மொத தலைப்பு இந்தத் தாள்ல இருக்கு."

வேதமாணிக்கம் உறையை வாங்கித் தோள்பையில் வைத்துக்கொண்டார்.

சிறப்பு விருந்தினர் பதினொன்றேகாலுக்கு வந்து குத்துவிளக்கு ஏற்றினார். பதினேழாவது படம் அட்டை இல்லாமலே மூன்று நாள் தொங்கியது.

2022 அக்டோபர் 12, புதன்கிழமை, முற்பகல் 11.30 மணிக்கு, தூத்துக்குடியில் வழக்கறிஞர் ஒருவர் முன்னிலையில், எஸ். வேதமாணிக்கம் லிங்கதுரை விழுந்ததைப் பற்றிய நான்கு பக்கப் பிரமாணப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு பக்கத்தையும் படித்தார்.